அடுத்து எந்தப் பாகத்துக்காக லைன் நிற்கும் என்று முன்பே தெரிந்துகொள்வது எப்படி?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கோவையில் மோனோபிளாக், சப்மெர்சிபிள் பம்புகள் தயாரிக்கிறீர்கள். ஆட்கள் சுமார் 140 பேர். சில வருடங்களாக சோலார் பம்பும் செய்கிறீர்கள். கடந்த சீசனில் மூன்று முறை அசெம்பிளி லைன் நின்றுவிட்டது. ஒருமுறை மெக்கானிக்கல் சீல் (ஷாஃப்ட் பக்கம் தண்ணீர் கசியாமல் தடுக்கும் பாகம்) வரவில்லை, ஒருமுறை ஃபவுண்டரியிலிருந்து (வார்ப்பாலை) காஸ்டிங் (வார்ப்புப் பாகம்) வரவில்லை, இன்னொரு முறை சோலார் கன்ட்ரோலர் போர்டு வழியில் மாட்டிக்கொண்டது. இப்போது மூன்று கொட்டேஷன்கள் மேசையில் இருக்கின்றன: ஏஐ விற்பனைக் கணிப்பு, பிளாக்செயின் பதிவேடு (பலர் சேர்ந்து எழுதும், பின்னால் மாற்ற முடியாத கணக்கு), டிஜிட்டல் ட்வின் (ஆலையையும் சப்ளையையும் கம்ப்யூட்டரில் நகலெடுத்து ஓட்டிப் பார்ப்பது). எதில் முதலில் பணம் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். அடுத்த தடவை எந்தப் பாகத்துக்காக லைன் நிற்கும் என்பது நிற்பதற்கு முன்பே தெரியுமா, தெரிந்தால் செய்வதற்கு ஏதாவது வழி கையில் இருக்குமா என்பதுதான் உண்மையில் உங்களை அரிக்கிற கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதை வைத்தே பதில் சொல்கிறேன்.

ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூர் பக்கமும் வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளில் பர்ச்சேஸ், மெட்டீரியல் பிளானிங் வேலையில் இருபது வருடங்களுக்கு மேல் இருந்தேன். இப்போது கோவை வட்டாரத்து சிறு, நடுத்தர ஆலைகளோடு இதே வேலையைச் செய்கிறேன். மென்பொருள் எழுதத் தெரியாது. எந்த பிராண்ட் நல்லது என்ற கேள்விக்குள் போகமாட்டேன்.

இந்தத் துறையில் எல்லோரும் படிக்க வேண்டிய ஒரு சம்பவம் உண்டு. 2000 மார்ச் 17 அன்று அமெரிக்காவின் அல்புகெர்க்கி நகரில் இருந்த பிலிப்ஸ் சிப் ஆலையில் மின்னலால் ஒரு சிறு தீ பிடித்தது. பத்து நிமிடத்தில் அணைத்துவிட்டார்கள். ஆனால் புகையும் தண்ணீரும் தூசியில்லா அறைகளைக் கெடுத்துவிட்டன. அந்த ஆலையின் பெரிய வாடிக்கையாளர்கள் நோக்கியாவும் எரிக்சனும். சில நாட்களில் இருவருக்கும் ஒரே தகவல்தான் போனது: ஒரு வாரம் தாமதமாகும். நோக்கியா அந்த சிப்புகளை உடனே தினசரிக் கண்காணிப்புப் பட்டியலில் போட்டது, ஆட்களை அனுப்பியது, பிலிப்ஸின் மற்ற ஆலைகளில் இடம் கேட்டது, மாற்று சப்ளையர்களிடம் பேசியது, சில சிப்புகளின் வடிவமைப்பையே மாற்றியது. எரிக்சனில் செய்தி கீழ்மட்டத்திலேயே வாரக்கணக்கில் தங்கிவிட்டது; முக்கியமான சில சிப்புகளுக்கு மாற்று சப்ளையரும் அவர்களிடம் இல்லை. அவர்கள் இழந்த விற்பனை சுமார் 40 கோடி டாலர். அடுத்த வருடமே கைபேசித் தொழிலை சோனியோடு சேர்த்துக்கொள்ளும் நிலைக்கு வந்தார்கள். அந்த முடிவுக்கு வேறு காரணங்களும் இருந்தன, எல்லாவற்றையும் இந்தத் தீயின் தலையில் கட்டக் கூடாது. ஆனால் ஒரே தகவல் கிடைத்த இரண்டு நிறுவனங்கள் இவ்வளவு வேறுபட்டுப் போனதற்குக் காரணம் கம்ப்யூட்டர் இல்லாததல்ல. இரண்டுமே அன்றைய உலகின் முன்னணித் தொழில்நுட்ப நிறுவனங்கள்.

ஆகவே டெக்னாலஜியிடம் நான் எதிர்பார்ப்பவை இரண்டே. செய்தி சீக்கிரம் வர வேண்டும். அது வரும்போது மாற வழி தயாராக இருக்க வேண்டும். எந்தக் கொட்டேஷனையும் இந்த இரண்டையும் வைத்தே எடைபோடுங்கள்.

முதலில் எந்தப் பாகம் உங்களுக்கு ஆபத்தானது என்று கண்டுபிடியுங்கள். பெரும்பாலான நிறுவனங்களில் இதைச் செலவை வைத்துத்தான் பார்க்கிறார்கள். காப்பர் ஒயர், ஸ்டாம்பிங் (மோட்டார் தகடு), காஸ்டிங் என்று பணம் அதிகம் போகிற இடத்தில் கவனம் அதிகம். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் சிம்ச்சி-லெவி ஃபோர்டு நிறுவனத்தோடு சேர்ந்து செய்த ஆய்வு 2014-இல் வெளியானது. அதில் தெரிந்தது, ஒரு சப்ளையருக்கு எவ்வளவு பணம் கொடுக்கிறோம் என்பதற்கும் அவர் நின்றால் எவ்வளவு நஷ்டம் வரும் என்பதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை என்பதுதான். பெரிய ஆபத்துகளில் பல, விலை குறைந்த பாகங்களில் ஒளிந்திருந்தன. உங்கள் மெக்கானிக்கல் சீல் அதே கதை. சில நூறு ரூபாய் சீலுக்காக பல ஆயிரம் ரூபாய் பம்ப் டிஸ்பாட்ச் ஆகாமல் நிற்கிறது.

அவர்கள் பயன்படுத்திய கணக்கு எளிது. ஒவ்வொரு பாகத்துக்கும் இரண்டு எண்கள். இந்த சப்ளையர் இன்றைக்கே படுத்துவிட்டால் பழையபடி சரக்கு வர எத்தனை நாள் ஆகும் என்பது ஒன்று. கையிலுள்ள ஸ்டாக், வழியில் இருப்பது, வேறு இடத்தில் கிடைப்பது எல்லாம் சேர்த்து நாம் எத்தனை நாள் ஓட்ட முடியும் என்பது இரண்டாவது. முதல் எண் பெரிதாக இருந்தால் அந்த வித்தியாசம்தான் லைன் நிற்கப்போகும் நாட்கள். உதாரணத்துக்கு, சீல் தயாரிப்பாளர் மீண்டு வர 60 நாள் ஆகும், உங்களிடம் 15 நாள் ஸ்டாக் இருக்கிறது, மாற்று சப்ளையரிடமிருந்து 10 நாளுக்குக் கிடைக்கும் என்று வையுங்கள். 35 நாள் ஓட்டை. அந்த 35 நாளில் எத்தனை பம்ப், எவ்வளவு லாபம் என்று பெருக்கினால் ஒரு தொகை வரும். எல்லாப் பாகங்களையும் அந்தத் தொகையின்படி வரிசைப்படுத்துங்கள். இதற்கு எக்செல் போதும். ஃபோர்டுக்கு ஆயிரக்கணக்கான சப்ளையர்கள் இருந்ததால் அவர்களுக்குக் கணித மாடல் தேவைப்பட்டது. உங்களுக்கு நூற்றைம்பதோ இருநூறோ இருக்கும். ஸ்டோர்ஸ், பர்ச்சேஸ், புரொடக்ஷன் மூன்று பேரும் ஒரே அறையில் உட்கார்ந்தால் இரண்டு வாரத்தில் முடிகிற வேலை.

ஆனால் அந்த எண்கள் உண்மையாக இருக்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் வேலை உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது. சிஸ்டத்தில் 800 என்று காட்டும், ஸ்டோர்ஸ் பெட்டியில் 530 இருக்கும். மிச்சம் ஜாப் ஒர்க்குக்கு (வெளியே கொடுத்துச் செய்விக்கும் வேலை) போயிருக்கும், அல்லது ரிஜெக்ஷன் ஆகி ஓரத்தில் கிடக்கும். வைண்டிங்குக்கும் மெஷினிங்குக்கும் வெளியே அனுப்புகிற சரக்கின் சலான் கணக்கை ஜிஎஸ்டியில் ஐடிசி-04 என்ற ஜாப் ஒர்க் படிவத் தாக்கலுக்காக எப்படியும் எழுதியாக வேண்டும். ஆடிட்டரின் மேசைக்குப் போகிற அதே கணக்கைத் தினமும் பிளானிங் மேசைக்கும் கொண்டுவந்தால் வெளியே கிடக்கும் சரக்கு கண்ணுக்குத் தெரியும். லீட் டைமும் (ஆர்டர் போட்டதிலிருந்து சரக்கு வரும்வரை ஆகும் நாட்கள்) அப்படித்தான். வெண்டர் சொன்ன நாட்களை சிஸ்டத்தின் அடிப்படைப் பட்டியலில் போட்டுவிட்டு வருடக்கணக்கில் தொடுவதே இல்லை. ஆர்டர் போட்ட தேதியும் சரக்கு இறங்கிய தேதியும் உங்கள் டேலி கணக்கு மென்பொருளிலோ, ஆலை நிர்வாக மென்பொருளான ஈஆர்பியிலோ ஏற்கெனவே இருக்கின்றன. இரண்டையும் கழித்து, கடந்த இரண்டு வருடத்துக்குப் பட்டியல் எடுங்கள். சராசரியோடு நிறுத்தாமல் ஏற்ற இறக்கத்தையும் பாருங்கள். எப்போதும் 25 நாளில் தருகிறவரோடு நிம்மதியாக பிளான் போடலாம். சிலசமயம் 12, சிலசமயம் 40 என்று தருகிறவருக்காகத்தான் ஸ்டாக் கட்டிவைக்க வேண்டியிருக்கும்.

இதற்கெல்லாம் பார்கோடு ஸ்கேனரும், ஒழுங்காகப் பராமரிக்கிற ஈஆர்பியும் போதும். ஸ்டோர்ஸில் வருடக் கடைசியில் ஒரே மூச்சாக எண்ணுவதற்குப் பதிலாக தினம் இருபது முப்பது ஐட்டம் எண்ணி சரிபார்க்கிற பழக்கம் வந்துவிட்டால் பாதி கிணறு தாண்டியாகிவிட்டது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்த அடித்தளம் இல்லாமல் மேலே என்ன வைத்தாலும் அது தவறான எண்ணைத்தான் வேகமாகக் காட்டும்.

அடுத்தது உங்கள் சப்ளையருக்குப் பின்னால் இருப்பவர். ஜப்பானின் 2011 மார்ச் 11 நிலநடுக்கத்துக்குப் பிறகு டொயோட்டாவே இதில் தடுமாறியது. நேரடி சப்ளையர்களைத் தெரியும், அவர்களுக்குச் சரக்கு கொடுப்பவர்களை முழுசாகத் தெரியாது. கார்களுக்கான சிப்புகள் செய்யும் ரெனெசாஸ் நிறுவனத்தின் நாகா ஆலை சேதமடைந்து மாதக்கணக்கில் உற்பத்தி பாதிக்கப்பட்டபோது ஜப்பானிய கார் தொழில் முழுவதுக்கும் அடி விழுந்தது. அதன்பின் டொயோட்டா பல அடுக்குகள் வரை எந்தப் பாகம் எந்த ஊரில் எந்த ஆலையில் உருவாகிறது என்ற விவரங்களைத் திரட்டி ஒரு தரவுத்தளம் கட்டியது. சிப் போன்ற பாகங்களுக்கு இரண்டிலிருந்து ஆறு மாதம் வரை ஸ்டாக் வைக்கும்படி சப்ளையர்களிடம் ஏற்பாடு செய்தது. குறைவான ஸ்டாக் என்ற முறைக்கே பேர்போன கம்பெனி அது. 2021 சிப் தட்டுப்பாட்டின் முதல் பாதியில் மற்றவர்கள் ஆலைகளை மூடியபோது டொயோட்டா ஓரளவு தாக்குப்பிடித்தது இதனால்தான். ஆனால் அதுவும் எல்லையற்றதல்ல. தென்கிழக்கு ஆசியாவில் கோவிட் பரவி பாக உற்பத்தி முடங்கியதும், 2021 செப்டம்பருக்கான உலக உற்பத்தியை 40 சதவீதம் குறைப்பதாக அவர்களே அறிவித்தார்கள்.

உங்கள் அளவில் இதைச் செய்ய மென்பொருளைவிட உறவுதான் முக்கியம். முதல் முப்பது ஆபத்தான பாகங்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வெண்டரிடமும் நேரில் கேளுங்கள். சீல் செய்பவருக்கு கார்பனும் சிலிக்கான் கார்பைடும் எங்கிருந்து வருகின்றன? உங்கள் இரண்டு சீல் வெண்டர்களும் ஒரே ஆளிடமிருந்து ரிங் வாங்குகிறார்களா? இரண்டு சப்ளையர் வைத்திருக்கிறோம் என்று நிம்மதியாக இருந்து, இரண்டு பேரும் ஒரே இடத்தில் மூலப்பொருள் எடுக்கிறார்கள் என்று நெருக்கடியில் தெரியவருவது இந்தத் தொழிலில் சகஜம். பலர் சொல்லத் தயங்குவார்கள். நேரடியாகப் போய் வாங்கிவிடுவீர்களோ என்ற பயம் நியாயமானதுதான். பெயர் வேண்டாம், ஊரும் எத்தனை நாள் ஸ்டாக்கும் மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேராவது சொல்வார்கள்.

ஊர் ஏன் முக்கியம் என்பதற்கு 2023 டிசம்பர் மாதம் ஒன்றே போதும். மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் தொழிற்பேட்டை தண்ணீரில் மூழ்கியது. இரண்டு வாரத்துக்குள் தூத்துக்குடி, திருநெல்வேலியில் வெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை; சாலையும் ரயில் பாதையும் அறுந்தன. சென்னை முடங்கினால் தூத்துக்குடி இருக்கிறது என்று மாற்று வழியாக எழுதி வைத்தவர்களுக்கு ஒரே மாதத்தில் இரண்டிலும் அடி. வெண்டர்களின் இடத்தை ஒரு மேப்பில் குறித்து, வானிலைத் துறையின் எச்சரிக்கை வரும்போது யாரெல்லாம் அந்த வட்டத்துக்குள் வருகிறார்கள் என்று பார்ப்பது இன்றைக்கு மிக மலிவான காரியம். புயலுக்கு மூன்று நாள் முன்பே ஒரு லோடு எடுத்துவிடலாம்.

காஸ்டிங் விஷயத்துக்கு வருகிறேன். நவீன டெக்னாலஜி உங்களுக்கு நிஜமாகவே புதிய வழியைத் திறப்பது இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு ஃபவுண்டரியில் கரன்ட் பிரச்சினையோ ஆள் பிரச்சினையோ வந்தால் பக்கத்து ஃபவுண்டரிக்கு மாற முடியாமல் போவதற்கு முக்கியக் காரணம் பேட்டர்ன், அதாவது மணலில் அச்சு எடுக்கும் மாதிரி. அது பழைய ஃபவுண்டரிக்காரரிடம் இருக்கிறது. பல வருடத்துக்கு முன் மரத்திலோ அலுமினியத்திலோ செய்தது, நடுவில் இரண்டு முறை கையால் ராவி சரிசெய்தது. வரைபடத்துக்கும் இப்போதைய பேட்டர்னுக்கும் சம்பந்தம் இருக்காது. உங்களுடைய முதல் இருபது காஸ்டிங்குகளின் பேட்டர்னையும் கோர் பாக்ஸையும் (உள்குழிவுக்கான அச்சுப் பெட்டி) 3டி ஸ்கேன் செய்து கேட் (CAD, கம்ப்யூட்டர் வரைபட) ஃபைலாக உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கோவையில் இந்த வேலையைச் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள். ஃபைல் இருந்தால் புதிய பேட்டர்னை சிஎன்சியில் வெட்டவோ 3டி பிரின்ட் செய்யவோ சில நாட்கள் போதும்; வழக்கமான முறையில் வாரக்கணக்கில் போகும். அவசரம் முற்றினால் பேட்டர்னே இல்லாமல் மணல் அச்சை நேரடியாக பிரின்ட் செய்தும் ஊற்றலாம். தினசரி உற்பத்திக்கு அந்தச் செலவு கட்டுபடியாகாது, இரண்டு வார இடைவெளியைக் கடக்க கட்டுபடியாகும்.

காஸ்டிங் சிமுலேஷன் மென்பொருளும் இதோடு சேர்ந்தது. உலோகம் அச்சுக்குள் எப்படி ஓடும், எங்கே சுருங்கி ஓட்டை விழும் என்பதை ஊற்றுவதற்கு முன் பார்த்தால், புதிய ஃபவுண்டரியில் முதல் சாம்பிள் சரியாக வரும் வாய்ப்பு கூடுகிறது. புதிய மணல், புதிய ஃபர்னஸ் என்றால் எப்படியும் ஒன்றிரண்டு டிரையல் ஆகும், அதை சிமுலேஷன் முழுசாக நீக்கிவிடாது. எனவே இரண்டாவது ஃபவுண்டரியை நெருக்கடி வரும் முன்பே தயார் செய்து, வருடம் முழுக்க பத்திருபது சதவீத ஆர்டரையாவது கொடுத்துக்கொண்டே இருங்கள். எப்போதாவது கூப்பிடுகிறவருக்கு அவர் முன்னுரிமை தரமாட்டார்.

ஃபவுண்டரியில் சென்சார் வைத்து லைவ்வாகப் பார்க்கலாமே என்று ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். ஃபர்னஸ் எத்தனை ஹீட் (ஒரு தடவை உருக்குவது) ஓடியது என்பதை மின்சார மீட்டர் வழியாகவே அறிய முடியும், நுட்பத்தில் சிரமமில்லை. ஆனால் இன்னொருவர் ஆலைக்குள் உங்கள் கண்ணை வைப்பதை அவர் ஏன் ஏற்க வேண்டும்? பதிலுக்கு அவருக்கு என்ன கிடைக்கிறது? மூன்று மாத ஷெட்யூலை உறுதியாகக் கொடுத்து, நேரத்துக்குப் பணமும் கொடுத்தால் அவரே தினம் மாலை வாட்ஸ்அப்பில் இன்று எத்தனை மோல்ட் ஊற்றினோம் என்று அனுப்புவார். அந்த ஒரு வரிச் செய்தி உங்களுக்குப் போதுமான எச்சரிக்கை.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் சப்ளை செயினைப் பற்றிப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. நம் வட்டாரத்தில் சிறு வெண்டர் நிற்பதற்கு வெள்ளத்தையும் தீயையும்விட அடிக்கடி காரணமாக நான் பார்த்தது, பில் பணம் 90, 120 நாள் இழுத்தடிக்கப்படுவது. ஸ்கிராப் வாங்கக் காசில்லாமல் ஃபர்னஸை அணைக்கிறார். குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்று எம்எஸ்எம்இடி (குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டு) சட்டம் சொல்கிறது. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, காலம் தாழ்த்திக் கொடுத்த தொகையை கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும் என்று வருமான வரியிலும் பிடி இறுகியிருக்கிறது. ரிசர்வ் வங்கி உரிமத்தோடு நடக்கும் ட்ரெட்ஸ் தளங்களில் வெண்டரின் பில்லை நீங்கள் ஏற்றுக்கொண்டால் வங்கிகள் போட்டி போட்டு வட்டி சொல்லி அவருக்கு உடனே பணம் கொடுக்கும். தவணை நாளில் நீங்கள் வங்கிக்குக் கட்டுவீர்கள். நடுத்தர நிறுவனத்தின் பில்லுக்கு எத்தனை வங்கிகள் முன்வரும் என்பது உங்கள் கிரெடிட் ரேட்டிங்கைப் பொறுத்தது, அதை நான் உறுதி சொல்ல முடியாது. ஆனால் சப்ளையரை வலுப்படுத்தும் டெக்னாலஜி என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் இதைத்தான் முதலில் காட்டுவேன்.

கன்ட்ரோலர் போர்டு வேறு வகை. வெளிநாட்டிலிருந்து வருவது. கன்டெய்னர் இந்தியத் துறைமுகத்தில் இறங்கியபின் அதன் எண்ணை வைத்து லாஜிஸ்டிக்ஸ் டேட்டா பேங்க் தளத்தில் எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம். ஆர்எஃப்ஐடி டேக் மூலம் நடக்கிற அரசு ஏற்பாடு. கடலில் இருக்கும்போது கப்பலின் பெயரை வைத்துப் பார்க்கிற தளங்கள் உண்டு. தாமதம் முன்கூட்டியே தெரிந்தால் ஒரு சிறு பகுதியை விமானத்தில் வரவழைக்கலாம், அசெம்பிளியில் மாடல் வரிசையை மாற்றிப்போடலாம். ஆனால் கப்பல் எங்கே இருக்கிறது என்று தெரிவதால் அது சீக்கிரம் வந்துவிடாது. 2023 இறுதியில் செங்கடல் தாக்குதல்கள் தொடங்கி கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக ஆரம்பித்தபோது, ஐரோப்பிய சரக்குக்குக் காத்திருந்த எல்லோரும் தாமதத்தைத் தெளிவாகத் திரையில் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

சோலார் பம்பில் நிரந்தரக் காந்த மோட்டார் பயன்படுத்துகிறீர்கள் என்றால் இன்னொன்று. 2025 ஏப்ரல் 4 அன்று சீனா ஏழு அரிய மண் தனிமங்களுக்கும் அவை சார்ந்த காந்தங்களுக்கும் ஏற்றுமதி உரிமம் கட்டாயம் என்று அறிவித்தது. டிஸ்ப்ரோசியமும் டெர்பியமும் அதில் அடக்கம். வெப்பத்தில் வலு குறையாமலிருக்கக் காந்தத்தில் சேர்ப்பது அவற்றைத்தான். நம் நாட்டு மின்வாகனத் தயாரிப்பாளர்கள் திண்டாடியதைப் பார்த்திருப்பீர்கள். இதற்கு மருந்து டிசைன் டிபார்ட்மென்டில்தான் இருக்கிறது. அதே குதிரைத்திறனில் இண்டக்ஷன் மோட்டார் மாடல் ஒன்றை டெஸ்ட் முடித்து, சான்றிதழோடு தயாராக வைத்துக்கொள்ளுங்கள். போர்டிலும், ஒரே கால் (pin) அமைப்பில் இரண்டு கம்பெனி ஐசி (சிப்) உட்காரும்படி வரைந்து வைக்கலாம். ஸ்டாம்பிங் தகடு மாதிரி பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) சான்று தேவைப்படும் பொருட்களில், கேட்லாக்கில் இருக்கும் மாற்று என்பது சான்று வாங்கி முடிக்கும்வரை மாற்றே கிடையாது.

இனி கொட்டேஷன்கள். ஏஐ விற்பனைக் கணிப்பில் உறுதியானதும் சந்தேகமானதும் கலந்திருக்கின்றன. 2020-இல் வால்மார்ட்டின் விற்பனைத் தரவை வைத்து எம்5 என்ற பெயரில் ஒரு கணிப்புப் போட்டி நடந்தது. ஐயாயிரத்துக்கு மேல் அணிகள். ஜெயித்தவர்கள் மெஷின் லேர்னிங்கில்தான் ஜெயித்தார்கள், அதை மறுக்க முடியாது. ஆனால் பத்தில் ஒன்பது அணிகளுக்கு மேல், பல பத்தாண்டுகளாகப் புழங்கும் எளிய புள்ளியியல் முறையை முந்தவில்லை. அதுவும் பல ஆயிரம் பொருட்களின் தினசரித் தரவு இருந்த இடத்தில். உங்களிடம் வேகமாக விற்கும் நாற்பது ஐம்பது மாடல்களுக்கு ஏதோ பலன் இருக்கும். மாதம் இரண்டு மூன்று மட்டும் போகிற மாடலுக்குக் கணிப்பதைவிட, பொதுப் பாகங்களாக வைத்துக்கொண்டு ஆர்டர் வந்தபின் அசெம்பிள் செய்வதே நல்லது. பெரிய கம்பெனிக்கும் இது தவறும். 2001-இல் நைக்கி, புதிதாகப் போட்ட கணிப்பு மென்பொருளில் வந்த கோளாறுகளால் ஒரு காலாண்டில் சுமார் 10 கோடி டாலர் விற்பனை குறைந்ததாகச் சொன்னது.

மழைத் தரவைச் சேர்த்தால் கணிப்பு துல்லியமாகும் என்று கொட்டேஷனில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். இருக்கலாம், ஆனால் நான் பந்தயம் கட்டமாட்டேன். மழை கொஞ்சம் பொய்த்தால் நீர்மட்டம் இறங்கி அதிக ஹெட் (தண்ணீரை ஏற்றும் உயரம்) உள்ள பம்ப் விற்கும். முழுசாகப் பொய்த்தால் விவசாயி கையில் பம்ப் வாங்கக் காசே இருக்காது. ஒரே காரணம் இரண்டு திசையிலும் இழுக்கிறது. அதைச் சில வருடத் தரவை வைத்து ஒரு நிரல் கற்றுக்கொள்வது கடினம்.

அதைவிட உறுதியாகப் பலன் தருவது டீலருக்கு அப்பால் பார்ப்பது. பிப்ரவரியில் சரக்கு கிடைக்காதோ என்ற பயத்தில் டீலர் இரட்டிப்பாக ஆர்டர் போடுகிறார். நீங்கள் அதை நிஜத் தேவை என்று நினைத்து காஸ்டிங்கை அதற்கும் மேலே ஆர்டர் செய்கிறீர்கள், ஃபவுண்டரி இன்னும் மேலே போகிறது. ஜூனில் எல்லோரிடமும் சரக்கு தேங்குகிறது. கடைசி வாடிக்கையாளரிடம் சின்ன ஆட்டம், பின்னால் போகப்போக பெரிய ஆட்டம். அறுபதுகளிலிருந்தே எம்ஐடியில் இதை ஒரு விளையாட்டாக நடத்திக் காட்டுகிறார்கள். மருந்து, நிஜ விற்பனை தெரிவது. பம்பில் ஒரு க்யூஆர் கோடு ஒட்டுங்கள். மாட்டுகிற மெக்கானிக் அதை ஸ்கேன் செய்தால்தான் வாரன்ட்டி தொடங்கும், அவருக்குச் சின்ன ஊக்கத்தொகை. எந்த மாவட்டத்தில் எந்த மாடல் எந்தத் தேதியில் உண்மையில் கிணற்றுக்குள் இறங்கியது என்று வாராவாரம் தெரியும். ஒரு சீசன் சேர்ந்தபின் ஏஐ கம்பெனியைக் கூப்பிடுங்கள். அப்போது அவர்களிடம் கொடுக்க உருப்படியான தரவு இருக்கும். இப்போதே ஏஐ உதவுகிற சின்ன வேலை ஒன்று உண்டு: வெண்டர்கள் அனுப்பும் பிடிஎஃப் பில், மெயில், டெஸ்ட் சர்டிஃபிகேட்டைப் படித்து சிஸ்டத்தில் ஏற்றுவது. ஒருவர் சரிபார்த்தால் போதும், நிறைய நேரம் மிச்சமாகும்.

பிளாக்செயினை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். மெர்ஸ்க்கும் ஐபிஎம்மும் சேர்ந்து 2018-இல் ட்ரேட்லென்ஸ் என்ற தளத்தைத் தொடங்கின. உலகின் முன்னணிக் கப்பல் நிறுவனமே முன்னால் நின்றும், தொழில் முழுக்க ஒன்றாக வராததால் 2022 நவம்பரில் மூடுவதாக அறிவித்தார்கள். பொய் சொல்ல இடமிருக்கிற, ஒருவரையொருவர் நம்பாத பலர் ஒரே பதிவேட்டை எழுதும் இடங்களில் அதற்குப் பயன் இருக்கலாம். உங்கள் லைன் நின்றதற்கும் நம்பிக்கைக் குறைவுக்கும் சம்பந்தமில்லை. டிஜிட்டல் ட்வினும் உங்கள் அளவுக்கு இப்போது தேவையில்லை. ஸ்டாக் துல்லியமும் லீட் டைமும் சரியான பிறகு, அந்த இரண்டு எண் எக்செல்லில் ஒரு வெண்டரை நீக்கிப் பார்ப்பதே உங்களுக்கான ட்வின். வேலை செய்யும் பல பிளான்ட்களும் ஏற்றுமதியும் வந்தபின் திரும்ப யோசிக்கலாம்.

எதை வாங்கினாலும் பாதுகாப்பைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். 2022 மார்ச் 1 அன்று டொயோட்டா ஜப்பானில் 14 ஆலைகளில் 28 லைன்களை ஒரு நாள் நிறுத்தியது. காரணம் கோஜிமா என்ற ஒரு பிளாஸ்டிக் பாக சப்ளையரின் கம்ப்யூட்டர்களில் நடந்த சைபர் தாக்குதல். வெண்டர்களோடு சிஸ்டத்தை இணைக்கும்போது அவர்களுடைய பலவீனமும் கூடவே வருகிறது. நெட்ஒர்க்கோடு தொடர்பில்லாத ஒரு பேக்கப் தினமும் எடுங்கள், மாதம் ஒருமுறை அதிலிருந்து நிஜமாகவே மீட்டுப் பாருங்கள். கொட்டேஷன் கொடுத்தவர்களிடம் எழுத்தில் மூன்று விஷயம் வாங்குங்கள்: ஒப்பந்தம் முடிந்தால் தரவு முழுவதையும் சாதாரண எக்செல் ஃபைலாகத் திருப்பித் தருவார்களா, உங்களுடைய டேலி அல்லது ஈஆர்பியோடு இணைப்பதற்கான செலவு விலையில் அடக்கமா, உங்கள் ஆபத்தான முப்பது பாகங்களை மட்டும் வைத்து ஒரு சீசன் ஓட்டிக் காட்டிவிட்டு மிச்சப் பணத்தை வாங்கத் தயாரா. மூன்றாவதுக்கு யார் சம்மதிக்கிறார்களோ அவரோடு மேலே பேசுங்கள்.